சந்தவாசலிலிருந்து வந்த வாழைப்பழம்

எதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். அப்படிப்பட்டவனிடம் போய் வாழைப்பழத்தில் கதிர்வீச்சு இருக்கிறது என்று சொல்லலாமா?

சொன்னவர் எதிர்வீட்டுக்காரர். காவலூரில் நட்சத்திரம் பார்க்கும் கூடத்தில் அவருக்கு வேலை. டீக்கடையில் பழத்தை உரித்தபடியே, "இதுல எதிர்ப்பொருள்கூட பொறக்குது தம்பி. நம்ம பொருள தொட்டா ரெண்டுமே அழிஞ்சிடும்" என்றார். பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார். அந்த நிம்மதிதான் எனக்குப் பிடிபடவில்லை.

அப்போது என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இப்போது காரணம் அகப்பட்டுவிட்டதாக நினைத்தேன். எங்கள் கொல்லையில் நின்றால் அந்தக் கூடத்தின் வெள்ளைக் கூரை தெரியும். வானத்துக் கதிரை இழுக்கிறவர்கள் எங்கள் வாழை மேலும் கொஞ்சம் சிந்தியிருப்பார்கள்.

பழுக்கவிருந்த தாரை வெட்டினேன். மாட்டுக்குப் போடவும் பயம். குழி தோண்டிப் புதைத்துவிட்டு, பூச்சி அடித்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். வாராவாரம் பஸ் பிடித்து மலை இறங்கி, அடிவாரத்துச் சந்தவாசலுக்குப் போய்ப் பழம் வாங்கி வந்தேன். நடுவில் மலை இருக்கிறது, கதிர் அங்கே எட்டாது என்பது என் எண்ணம்.

மூன்றாம் வாரம் எதிர்வீட்டுக்காரர் என் வாசலில் வைத்தே பையைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கறந்தார்.

"மொட்டத் தலைக்கும் மொழங்காலுக்கும் முடிச்சு போடுறியே. நாங்க வானத்த பாக்குறதோட சரி. எந்த ஊரு பழத்துலயும் இந்தக் கதிரு கீது. பொட்டாசியம் பண்ற வேல. நம்ம சாமையில கீது, புளியில கீது, உன் ஒடம்புலயும் கீது. எதிர்ப்பொருள்னா மணிக்கு ஏதோ ஒரு துகள் பொறக்கும். எறும்புகூட சாவாது."

"கொழந்த ஒடம்புல?"

"பொட்டாசியம் இல்லாம நெஞ்சு எப்டி அடிக்கும்?"

எனக்குப் பாதிதான் நம்பிக்கை வந்தது. வாசற்படியில் நின்றிருந்த என் மனைவி அவர் போனதும் கேட்டாள்.

"பூச்சின்னது பொய்யா? போன வாட்டி தெனம் அந்தப் பழம்தான் தின்னேன். நான் தின்னுதான் கொழந்த போச்சின்னு இத்தினி நாளா நெனச்சிட்டு இருந்தீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பொய்தான் என்று அப்போதுதான் உறைத்தது. கூடத்தின் மேல்தான் சந்தேகம் என்று அதுவரை நானும் நம்பியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. ஆறு மாதம் கழித்து, கொல்லைப் பழத்தை மசித்து முதல் வாய் ஊட்டியது நான்தான். முகர்ந்து பார்க்கவில்லை. குழந்தை சப்புக்கொட்டியது. என் மனைவி கிண்ணத்தையும் பார்க்கவில்லை, குழந்தையையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.