மருதாணிக்கு அடியில் என் உள்ளங்கை

பாவாடை நாடா எட்டாமல் போனதுதான் முதல் அறிகுறி. தின்று தின்று பெருத்துவிட்டேன் என்று என்னை நானே கேலி செய்துகொண்டிருந்தேன். ஸ்கேனில் சினைப்பைப் புற்றுநோய் (கருமுட்டை உருவாகும் உறுப்பில் வளரும் கட்டி) என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை, மருந்து எல்லாம் முடிந்து, திண்டுக்கல்லில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்குத் திரும்பிய அடுத்த ஆண்டே அது மறுபடி வந்தது. இதே பாதையில் நடக்கிற யாராவது படிக்கக்கூடும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டாம் முறை மதுரை மருத்துவமனையில் ஏற்றிய மருந்து சிவப்பாக இருந்தது. அதை லிப்போசோமுக்குள் (கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழி) வைத்து அனுப்புவதாக டாக்டரம்மா சொன்னார். வழியில் அதிகம் சிந்தாமல் கட்டிவரை போகுமாம்.

"நம்ம உடம்புல இருக்கிற செல்லுங்களே இந்த மாதிரி குமிழி விட்டு ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்குது டீச்சர். பிற்காலத்துல அதுலயே மருந்தை ஏத்தி அனுப்பணும்னு ஆராய்ச்சி பண்றாங்க" என்றார்.

அதற்குப் பிறகு மருந்து ஏறும் நேரமெல்லாம் எனக்கு அரைத்தூக்கம்தான். உடம்புக்குள் விடியற்காலை வெளிச்சம் பரவும். அதில் குமிழிகள் அவசரமில்லாமல் மிதந்து போகும். யார் வீட்டுச் சேதியையோ சுமந்து போகின்றன என்று நினைத்துக்கொள்வேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சுகமாகக்கூட இருந்தது.

ஆனால் அந்த மருந்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கொஞ்சம் கசியும். தோல் சிவந்து எரியும், மிஞ்சினால் உரியும். அதனால் ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா முதலில் என் கைகளைத்தான் விரித்துப் பார்ப்பார். சிவப்பு அதிகமானால் மருந்தை நிறுத்த வேண்டும். எனக்கோ வேறு நல்ல மருந்து மிச்சமில்லை.

திண்டுக்கல் பேகம்பூரில் என் பக்கத்து வீட்டுக்காரி நூர்ஜஹான். ரம்ஜான் பிறை தெரிந்த சாயங்காலம் வருடம் தவறாமல் எனக்கும் மருதாணி வைப்பாள்; கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக் கேக் அங்கே போகும். அந்த வருடமும் கிண்ணத்தோடு வந்தாள்.

"கையி எரியுதுன்னீங்களேக்கா. இது குளிர்ச்சி. செத்த நேரம் கையக் குடுங்க."

எரிச்சலுக்கு இதமாக இருந்தது. உள்ளங்கை நிறைய வைத்து, விரல்களுக்குத் தொப்பி போட்டு, கால்களையும் விடவில்லை. எங்கள் இரண்டு பேருக்குமே வேறெதுவும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் டாக்டரம்மா என் கைகளை விரித்தார். கட்டைவிரலால் அங்கங்கே அழுத்திப் பார்த்தார்.

"இதுல மருதாணி எது, மருந்து எதுன்னு நான் எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?"

கோபப்படவில்லை. சாயம் போகட்டும் என்று ஊசியைத் தள்ளிவைத்தார். பஸ்ஸில் திண்டுக்கல் வரும்வரை அழுதேன். சேதி கேட்ட நூர்ஜஹான் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நாம்போயி இப்புடிப் பண்ணிட்டேனேக்கா."

"எம்புட்டு நல்லாச் செவந்திருக்கு பாரு" என்று கையைக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

காத்திருந்த நாட்கள் ஒன்றோடொன்று கலந்துபோயின. உள்ளே கட்டி வளர்கிறதோ என்ற பயத்தோடு, வெளியே சாயம் மங்குவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒரு வழியாக மருதாணிக்கு அடியிலிருந்து வெளிறிய, சாதாரணமான உள்ளங்கை வந்தது. டாக்டரம்மா அழுத்திப் பார்த்து, "ஏத்திரலாம்" என்றார்.

நகத்தில் மட்டும் சிவப்பு போகவில்லை. அடியிலிருந்து புது நகம் ஏற ஏற, அது நுனிப்பக்கம் நகர்ந்தது. அதுவரை என் உடம்பில் எது வளர்ந்தாலும் எனக்குப் பயம். இது வளர்வதை மட்டும் தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஊசிகள் முடிந்து, ஸ்கேனில் கட்டி தெரியவில்லை என்று சொன்ன வாரத்தில், கடைசிச் சிவப்பை நறுக்கினேன். மெல்லிய பிறை அளவே இருந்தது.

நூர்ஜஹான் இப்போதும் ரம்ஜானுக்குக் கிண்ணத்தோடு வருகிறாள். உள்ளங்கையைக் கொடுப்பதில்லை; மறுபடி ஊசி வேண்டியிருந்தால் அது டாக்டரம்மா பார்ப்பதற்கு. சுண்டுவிரலை மட்டும் நீட்டுகிறேன். அந்தச் சிவப்பு வளர்ந்து வெளியேறும்வரை இருந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். இதுவரை இருந்திருக்கிறேன்.