அயில்சா என்ற பெயரில் எத்தனை பேர்

டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊரில் குருசுமுத்தரைத் தெரியாத தமிழர் இல்லை. ஆனால் அவர் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி உள்ளே போகிறவர் என்று இப்போது எவரும் இல்லை. மூக்குக்கு மேலே கோபம், அதற்கும் மேலே வீம்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கம்பளித் தொப்பி. இலங்கையில் மன்னார்ப் பேசாலைக்காரர். காற்றாலைக்கு இறக்கை செய்கிற தொழிற்சாலையில் தேய்ப்பு வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவர். மனைவி மாக்கிரட் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவரும், தண்ணி கொதித்தால் விசிலடிக்கிற ஒரு கேத்திலும்தான். காலையில் முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் கேத்தில்தான்.

இந்த மனிதர் வருடத்தில் ஒரே ஒரு வேலையைப் பயந்து பயந்து செய்வார். புது வருடம் பிறந்து சில கிழமைகளில், டென்மார்க்கின் புள்ளிவிபரக் காரியாலயம் தன் இணையப் பக்கத்தில் பெயர்க் கணக்கைப் புதுப்பிக்கும். ஒரு பெயரைத் தட்டினால், அந்தப் பெயரில் நாட்டில் எத்தனை பேர் என்று அது சொல்லிவிடும். பீட்டர் என்று தட்டினால் ஒரு பட்டணமே எழுந்து நிற்கும். குருசுமுத்தர் ஒற்றை விரலால் 'அயில்சா' என்று தட்டுவார். சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார். ஒன்று என்று இருக்கும். அந்த ஒன்று அவருடைய மகள். கணினியை மூடிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்புவார்.

மகள் உயிரோடு இருக்கிறாளா என்று பார்ப்பதற்காக இல்லை. கெட்ட செய்தி என்றால் சனம் கதவைத் தட்டி வந்து சொல்லியிருக்கும், அதில் எங்கள் ஆட்களை மிஞ்ச ஆளில்லை. அவள் இன்னும் அயில்சாவாகவே இருக்கிறாளா என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டும்.

அந்தப் பெயர் வந்ததே கடல் வழியாகத்தான். இளந்தாரியாக இருந்தபோது கிரேக்கக்காரன் ஒருவனின் சரக்குக் கப்பலில் குருசுமுத்தர் வேலை செய்தார். ஒரு விடியற்காலை கப்பல் ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையை அண்டியது. நடுக்கடலில், கவிழ்த்து வைத்த சோற்றுப்பானை மாதிரி ஒரு பாறை தனியாக நின்றது. அதைச் சுற்றி வெள்ளைப் பறவைகள், ஆயிரக்கணக்கில். கப்பலின் இரண்டாம் எஞ்சினியர் அந்தப் பக்கத்துக்காரர். மேல்தட்டுக்கு வந்தவர் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரத் தொடங்கினார்.

"அதுக்கு அயில்சா என்று பெயர்" என்றார். "எங்கள் கரையில் சிலபேர் பெண்பிள்ளைக்கும் இதை வைப்பார்கள். என் மனைவிக்கு இதுதான் பெயர். கரையைத் தாண்டினால் ஒருவருக்கும் தெரியாது."

பெயருக்கு என்ன அர்த்தம் என்று குருசுமுத்தர் கேட்டார். எலிசபெத்தின் பாறை என்று ஒரு கதை, வடக்கிலிருந்து வந்த பழைய கடலோடி ஒருவனின் தீவு என்று இன்னொரு கதை. எது சரி என்று எஞ்சினியருக்கே தெரியவில்லை. அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். "எவ்வளவு தூரம் போய்த் திரும்பினாலும், இதைக் கண்டால் வீடு வந்தாச்சு" என்று சொல்லி, சீப்பை ஊதிப் பையில் வைத்தார்.

குருசுமுத்தர் திரும்பிப் போகமுடியாதபடி ஊரில் சண்டை மூண்டிருந்த காலம் அது. வீடு வந்தாச்சு என்று சொல்ல அவருக்கு ஒரு பாறையும் இல்லை. அந்தப் பொறாமையோடுதான் அவர் அந்தப் பெயரை நெஞ்சில் முடிந்துகொண்டு டென்மார்க்குக்கு வந்து இறங்கினார்.

பெண் பிறந்தாள். மன்னார்க் கத்தோலிக்கருக்குப் பெயர் தேடுகிற வில்லங்கம் கிடையாது. பிறந்த நாளுக்கு எந்தப் புனிதரோ அவருடைய பெயர், முடிந்தது கதை. மாக்கிரட் நாட்காட்டியைப் பார்த்து ஆயத்தமாக இருந்தாள்.

"பாறைக்கு வைச்ச பேரைப் பிள்ளைக்கு வைக்கிறதோ?" என்று கேட்டாள்.

"பீட்டர் எண்ட இராயப்பற்ற பேருக்கும் பாறை எண்டுதானே அர்த்தம். அவருக்கு மேலதான் திருச்சபையே நிக்குது" என்றார் குருசுமுத்தர்.

இதற்கு மேல் மாக்கிரட் என்ன சொல்வாள். ஞானஸ்நானத்தில் எலிசபெத் என்று ஒரு பெயரைப் பின்னால் சேர்த்துத் தன் மனதை ஆற்றிக்கொண்டாள். இந்த நாட்டில் நினைத்த பெயரை நினைத்தபடி வைக்கவும் முடியாது. அனுமதித்த பெயர்களுக்கு வெளியே போனால் எழுதிக் கேட்கவேண்டும். குருசுமுத்தர் கேட்டு வாங்கினார். கோயிலடியில் சனம் சிரித்தது. புனிதரும் இல்லை, தமிழும் இல்லை, டெனிஷும் இல்லை, இது என்ன பெயர் என்றார்கள். மனிதர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்.

அயில்சா வளர்ந்தாள். அப்பா தமிழில் கேட்பார், அவள் டெனிஷில் பதில் சொல்வாள். இங்கத்தைய பிள்ளைகள் மாதிரியே ரெலிபோனை எடுத்ததும் ஹலோ சொல்லாமல் தன் பெயரைச் சொல்வாள். மாக்கிரட் குசினிக்குள் நின்று அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பாள். அந்த இணையப் பக்கத்தைக் கண்டுபிடித்தவளும் அயில்சாதான். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒவ்வொரு தைமாதமும் அப்பாவும் மகளும் ஒரே கதிரையில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்ப்பார்கள். "நான் மட்டும்தான், அப்பா" என்பாள் டெனிஷில். அப்பா என்ற சொல் மட்டும் தமிழில் இருக்கும்.

"அதுதான் நல்லது" என்பார் அவர். "நீ எங்க போய் ஒளிச்சாலும் நான் கண்டுபிடிச்சிடுவன். பேர் காட்டிக் குடுத்திடும்."

அப்படி இருந்தவர்கள்தான். மாக்கிரட் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகள் வந்து, ஒரு கிழமைக்கான கறியைச் சமைத்துக் குளிர்ப்பெட்டியில் அடுக்கிவிட்டுப் போவாள். மருத்துவிச்சிப் படிப்பை முடித்த வருடம் ஒரு ஞாயிறு, சோரன் என்ற டெனிஷ்காரப் பொடியனோடு சேர்ந்து இருக்கப்போவதாகச் சொன்னாள். கோயிலில் எப்போது கலியாண எழுத்து என்று அவர் கேட்டார். இப்போதைக்குக் கலியாணம் இல்லை என்றாள். அவர் கதிரையை விட்டு எழும்பினார். மாக்கிரட் இருந்திருந்தால் கையைப் பிடித்து இருத்தியிருப்பாள்.

"அப்ப நான் வைச்ச பேரை இஞ்சை வைச்சிட்டுப் போ" என்றார்.

எல்லாவற்றுக்கும் டெனிஷில் பதில் சொல்கிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில், "சரி அப்பா" என்றது. மேல்கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

சொல் வெளியே விழுந்த அந்தக் கணமே அவருக்கு நெஞ்சு பதறியது. ஆனால் பதறிய நெஞ்சு எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறக்கவில்லையே. டென்மார்க்கில் பெயரை மாற்றுவது பெரிய வேலை இல்லை, வீட்டில் இருந்தபடியே மாற்றலாம். சொன்னால் சொன்னதைச் செய்கிற பிள்ளை, அவருடைய இரத்தம். அதுதான் அவருடைய பயம். தொழிற்சாலையில் கூட வேலை செய்த பாலேந்திரா, "ஒருக்கால் ரெலிபோன் எடுத்துக் கதையுங்கோவன் அண்ணை" என்று சொல்லிப் பார்த்தார். "அவள் எடுக்கட்டும்" என்றார் இவர். பென்சன் எடுத்து, கொம்பனி தந்த ரெலிபோனைத் திருப்பிக் கொடுத்தபோது பழைய இலக்கமும் போனது. புது இலக்கத்தை மகளுக்கு அறிவிக்கவில்லை. பிறகு அவள் எப்படி எடுப்பாள் என்று கேட்டால் எரிந்து விழுவார்.

தைமாதத்துக்குத் தைமாதம் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வந்தது. அந்த ஒன்றில்தான் மனிதர் உயிரைத் தேக்கி வைத்திருந்தார். போன வருடம் தட்டினார். இரண்டு என்று இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் பார்த்தார். இரண்டுதான்.

சந்தோசப்பட்டிருக்கலாம். குருசுமுத்தருக்கு அந்தப் பழக்கம் இல்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது என்று முடிவுகட்டினார். தாய் இருக்கத் தாயின் பெயரையே பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லையே என்று ஒரு கேள்வி எழுந்தது. வெள்ளைக்காரர் எதையும் செய்வார்கள் என்று அதை அமத்தினார். பிள்ளை பிறந்தால் முதல் செய்தி பெண்ணின் தகப்பனுக்குத்தான் போகவேண்டும், அது எங்கள் முறை. தனக்குச் சொல்லவில்லை. ஆகவே தன்னைச் செத்தவனாக எண்ணிவிட்டாள். இப்படி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இனிப் பாக்கமாட்டன்" என்று கேத்திலுக்குச் சத்தியம் செய்தார். இந்த வருடத் தைமாதம் கணினியைத் தொடவே இல்லை. அந்தக் குளிர்காலம் அவருக்கு மிக நீளமாக இருந்தது. ஒருநாள் கடையில் பாணுக்குக் காசு கொடுத்துவிட்டு நன்றி சொல்லத் தொண்டை அடைத்தது. ஏனென்று யோசித்தால், அந்தக் கிழமை முழுக்க அவர் வாய் திறந்திருக்கவில்லை.

சித்திரையில் மாக்கிரட்டின் கல்லறையைத் துப்புரவாக்கப் போனார். குளிர் தாக்காமல் மேலே பரப்பியிருந்த ஊசியிலைக் கொப்புகளை அள்ளி ஒதுக்கிவிட்டு, பூக்கன்றுக்குத் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்கு நடந்தார். அங்கே ஒரு சின்னப் பெண் தண்ணீர் வாளிகளைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தவிட்டு நிறத் தலைமயிர், சிவப்புச் சப்பாத்து. அடுத்த வரிசைக் கல்லறையில் மண் கிண்டிக்கொண்டிருந்த தாய் நிமிர்ந்து கூப்பிட்டாள்.

"அயில்சா, இங்கே வா."

குருசுமுத்தர் திரும்பினார். அந்தப் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டு எத்தனை காலம். கையிலிருந்த வாளியை நிலத்தில் வைத்தார். குழந்தை தாயிடம் ஓடியது. அவர் பின்னாலேயே போனார்.

"மன்னிக்கவேண்டும்" என்றார் தன் உடைந்த டெனிஷில். "இந்தப் பெயரை எங்கே எடுத்தீர்கள்?"

அந்தத் தாய் மண் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எல்லாரும் கேட்பதுதான் என்றாள். "பிரசவத்துக்கு என்னோடு நின்ற மருத்துவிச்சியின் பெயர். விடியும்வரை என் கையை விடவில்லை. வலி வரும்போதெல்லாம் கதை சொன்னாள். கடலில் ஒரு பாறை இருக்கிறதாம், முழுக்கப் பறவையாம். அதைக் கண்டால் வீடு வந்தாச்சு என்று அர்த்தமாம். அவளுடைய அப்பா கப்பலில் போகும்போது கண்டாராம்."



"பிள்ளைக்கு உன் பெயரை வைக்கட்டுமா என்று கேட்டேன்" என்று அவள் தொடர்ந்தாள். "அழுதுவிட்டாள், பாவம். நாட்டில் இப்போதைக்கு நான் ஒருத்திதான், நீ வைத்தால் இரண்டாகும் என்றாள். அப்பா வருடாவருடம் கணக்குப் பார்ப்பாராம். இரண்டு என்று கண்டால் என்னவென்று கேட்க ரெலிபோன் எடுப்பார், கட்டாயம் எடுப்பார் என்றாள்."

குழந்தை அவருடைய தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றது.

"எடுத்தாரோ தெரியாது" என்றாள் தாய். "நான் அடிக்கடி நினைப்பேன்."

 குருசுமுத்தர் தலையை ஆட்டினார். கண்டார், கண்டும் எடுக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அவருடைய பிள்ளை ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது, இவர் கேத்திலோடு கோபித்துக்கொண்டு இருந்திருக்கிறார். வெட்கம் அவருடைய காதுவரை ஏறியது. மாக்கிரட்டின் கல்லறைக்குத் திரும்பிவந்து பக்கத்து வாங்கிலில் உட்கார்ந்தார். 

மகளின் இலக்கம் எங்கும் எழுதி இல்லை, மனப்பாடம். ஒற்றை விரலால் அழுத்தினார். மணி அடித்தது. அவளுக்கு இந்த இலக்கம் தெரியாது. யாரோ என்றுதான் எடுப்பாள், எடுக்காமலும் விடுவாள். மணி நின்றது.

"அயில்சா" என்றது குரல்.

அவருடைய மகள் தன் பெயரைச் சொன்னாள், இந்த நாட்டில் எல்லாரும் சொல்வதுபோல. அவர் வைத்த பெயர். இங்கே விட்டுவிட்டுப் போ என்று சொன்ன பெயர்.  ரெலிபோனைக் காதோடு இறுக்கி அழுத்திக்கொண்டார்.

"அயில்சா பேசுகிறேன், யார் அங்கே?" என்று டெனிஷில் திரும்பவும் கேட்டாள். பின்னால் ஏதோ கதவு சாத்துகிற சத்தம். பிறகு அவளும் பேசாமல் நின்றாள். வைத்துவிடவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"ரெண்டாவது ஆளைக் கண்டனான், பிள்ளை" என்றார் குருசுமுத்தர்.