மயங்கி விழுந்தவருக்கு ஆறுதல் சொன்னேன்

விழுப்புரத்தில் விடைத்தாள் திருத்திவிட்டு, களைப்போடு திண்டிவனம் பஸ் ஏறினேன். பக்கத்தில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும். நேற்று மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும்போது வெயிலில் மயங்கி விழுந்தவர், குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறார்.

“போன வருஷமும் இதே மே மாசம், இதே வேலை. ஒண்ணும் ஆவல. எனக்குத்தான் தெம்பு போயிடுச்சு. நெலத்தை குத்தகைக்கு வுட்டுடலாம்” என்றார்.

“அதத்தான நானும் சொல்லிக்கினு இருக்கேன்” என்றார் அந்த அம்மா.

புவியியல் வாத்தியார் சும்மா இருப்பேனா?

“போன வருஷம் கோடை மழை பெஞ்சுதுங்க. மண்ணு ஈரமா இருந்தா, வெயிலு பாதி அதைக் காய வைக்கவே சரியாப் போயிடும். இந்த வருஷம் மழையும் இல்ல, கடல்காத்த மேக்காத்து உள்ள வுடவும் இல்ல. அதான் இவ்ளோ சூடு. உங்க ஒடம்பு மேல தப்பில்லைங்க.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ நாளைக்கே மிச்சத்தையும் பிடுங்கிடலாம்!”

வெயில் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

அந்த அம்மா என்னை முறைத்தார். “வாய மூடிக்கினு வரக்கூடாதா சார்?”

அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார்கள். உண்மையைச் சொன்னது தப்பா, நீங்களே சொல்லுங்கள். எனக்கு யோசிக்கத் தெம்பில்லை.