துளியாகும் மூச்சு

பணி விவரப்படி நாகேந்திரன் 'சுவாசக் கருவி இயக்குபவர்'. கருவி என்பது ஒரு குழாய். அதன்மேல் ஃப்ரீசரில் குளிரவைத்த அலுமினிய உறை. அதில் இயக்குவதற்கு எதுவுமில்லை. அவர் இயக்குவது பிள்ளைகளை.

இடம், திருப்பதியில் ஒரு மருத்துவமனையின் மாடியறை. தும்மலும் மூக்கடைப்பும் ஓயாத பிள்ளைகள் அந்தக் குழாய்க்குள் கால்மணி நேரம் வாயால் மூச்சு விட வேண்டும். மூச்சு குளிர்ந்து துளித்துளியாக அடியில் சேரும். உயிரைக் காக்கும் ஆக்சிஜனே ஒவ்வாமையில் புழுங்கும் உடம்பை இரும்பைப்போல் அரிக்கிறதா என்று அந்தத் துளிகளில் தேடுகிறார்கள் மருத்துவர்கள். ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று அதற்குப் பெயர். பிள்ளை சிரித்தால் எச்சில் கலந்துவிடும். அழுதால் மூச்சு எகிறும். தூங்கினால் குழாய் நழுவும். இம்மூன்றுக்கும் நடுவே எங்கோ மிதக்க வைக்க வேண்டும். அதற்காக அவர் வைத்திருப்பவை எதுவுமே நடக்காத கதைகள்.

"பஸ்ஸு சந்திரகிரிக்குப் போய்க்கினு கீது. மெல்லகா... மெல்லகா... கோட்டை கிட்ட நிக்கிது. யாரும் எறங்கல. யாரும் ஏறல. டிரைவரு மலையப் பாத்துக்கினு கீறாரு."

ஜன்னலில் மலை இருக்கிறது. பிள்ளையின் கண்ணும் அங்கே போய்விடும். "இவரு பேசினா அடுப்புல பாலு பொங்காது, தூங்கிடும்" என்பது மனைவி கலைவாணியின் தீர்ப்பு. இதே மனிதர் டீக்கடையில் கிரிக்கெட் பேசினால் ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்திச் சண்டை விலக்க வருவார்கள்.

போன வாரம் நகரியிலிருந்து காவ்யா வந்தாள். தறிக்கூட வீட்டுப் பிள்ளை, வயது ஏழு. வாயை இறுக்கிக்கொண்டாள். பஸ் சந்திரகிரியைத் தாண்டி, சித்தூரைத் தாண்டி, சாந்திபுரம் வரைக்கும் போயிற்று. வாய் திறக்கவில்லை.

"இன்னா பாப்பா, பயமா?"

"நீ என் மூச்ச எடுத்துக்குவ. எனக்கே பத்தல."

"சாரப் போயி நீன்ற பாரு," என்றாள் அம்மா ரத்தினம்மா. "ராத்திரில மூக்கு அடைச்சிக்கினு எந்திரிச்சி உக்காந்துக்குவா சார். அதுலேர்ந்து இதே பேச்சு. இன்னிக்கு உட்டா இவ திரும்ப வரமாட்டா."

குளிர்ந்த உறை ஒன்றுதான் மிச்சம். அதை வீணாக்கினால் அடுத்தது மறுநாள்தான்.

நாகேந்திரன் புது வாய்க்குழல் ஒன்றைப் பொருத்தி, குழாயைத் தன் வாயில் வைத்துக்கொண்டார். மின்விசிறி சுற்றியது. மலைமேல் மேகம் ஒன்று படுத்தது, எழுந்தது. காவ்யா அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த மூச்சு எப்போது தீரும் என்று.

கடைசியில் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அடியில் கொஞ்சம் தண்ணீர்.

"தீந்துட்ச்சா உனக்கு?" என்றாள் மெதுவாக.

நாகேந்திரன் குனிந்து, அவள் நெற்றி முடிமேல் நீளமாக ஊதினார்.