மியோரி என்ற ஜப்பான் ராஜகுமாரி

என் தங்கைக்கு ஆலிம்சா காதில் ஓதிவைத்த அழகான பெயர் ஒன்று இருந்தது. ஆனாலும் வீட்டில் அவளை மியோரி என்றே கூப்பிட்டோம். அந்தப் பெயரைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. ரங்கூனில் பல வருஷம் துணிக்கடையில் இருந்துவிட்டு அப்போதுதான் மதுரைக்குத் திரும்பியிருந்தார்.

அத்தாவின் கடைக்கு வந்த ஜப்பான் பட்டுச் சிப்பத்தில் குடை பிடித்த ஒரு பெண்ணின் படம் இருந்தது. மாமா அதைத் தொட்டிலுக்கு மேலே ஒட்டி, ஜப்பான் ராஜா வீட்டுப் பெண் இவள், பெயர் மியோரி என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ராஜகுமாரிக்கு அக்கா என்றால் நானும் ஏறக்குறைய ராஜகுமாரிதானே.

அத்தாவின் அண்ணன் மனைவியான பெரியம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பூனையைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது, அது ராஜா மகளா சோப்புக்கட்டியா என்று யார் கண்டது, விசாரித்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பெயரை விட்டுவிட வேண்டும் என்றார்.

டவுனில் பல் கட்டும் சீனர் ஒருவர் இருந்தார். மாமா படத்தை உரித்தெடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார். மேசையில் சிரித்துக்கொண்டிருந்த பல் செட்டுகளைப் பார்த்து நான் மாமாவின் கையை விடவில்லை. சீனர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஜப்பான்காரர்களும் சீன எழுத்தைத்தான் எழுதுகிறார்கள், இதில் இளவரசி என்று இருக்கிறது, ஆனால் பெயரை அவர்கள் எப்படி உச்சரிப்பார்கள் என்பது தெரியாது என்று நல்ல தமிழில் சொன்னார். மியோரி என்று இருக்குமா என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். எனக்கு அது போதும். வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தேன்.

பெரியம்மா விடவில்லை. "இளவரசிங்கிறது சரி. மியோரின்னு ஒங்களுக்கு யாரு சொன்னா தம்பி?"

மாமா தங்கையைத் தொட்டிலிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரங்கூன்ல ஒருத்தருக்கு இருந்த பேரு, அக்கா."

பெரியம்மா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இருந்துட்டுப் போகட்டும். நல்ல பேருதான்" என்றார்.

மறுநாளிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி தங்கையை மியோரி என்று கூப்பிட்டது பெரியம்மாதான். மாமாவுக்குப் புதுசு புதுசாகப் பெண் பார்த்துக்கொண்டு வருபவர், அந்தப் பேச்சையும் அதோடு விட்டுவிட்டார்.

பல் கட்டும் சீனரின் சொல்லுக்கு எங்கள் வீட்டில் இம்புட்டு மரியாதையா என்று நான் பூரித்துப்போனேன்.