கேமரா சத்தம் கேட்டு நின்ற மிஸ்ஸி

என் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு படம் கிடக்கிறது. அதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. கோணலாகச் சாய்ந்த மலை, மழை விட்ட வெளிறிய வானம், கீழ் மூலையில் சிவப்பும் வெள்ளையுமாக இழுபட்ட ஒரு கோடு. அது தடைக் கட்டை ஒன்றின் நுனி என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். கல்யாணப் படம் எடுக்கப் பேச வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். இந்த ஆளை நம்பியா மகள் கல்யாணத்தைக் கொடுப்பது என்று அவர்கள் மனசுக்குள் கேட்பது எனக்கே கேட்கும். ஆனாலும் அதை எடுத்து உள்ளே வைக்க மனம் வரவில்லை.

எங்கள் தீவில், ஜார்ஜ்டவுனில் என் கடை. பிழைப்பு கல்யாணத்திலும் காதுகுத்திலும் ஓடுகிறது. ஆனால் தீவின் மலையடிவாரத்துத் திடலில் குதிரைப் போட்டி நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கேதான் இருப்பேன். குதிரைகள் தடை தாண்டுவதைப் படம் எடுத்து, கூடாரத்தில் வைத்திருக்கும் சின்ன இயந்திரத்தில் அங்கேயே அச்சடித்து, கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு ரைடர்களிடம் விற்பேன். எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. தாலி கட்டும் நொடியைப் பிடிக்கிறவனுக்குக் குதிரை தாண்டும் நொடி பெரிய விஷயமா என்று நினைத்துப் போனவன். முதல் நாள் எடுத்ததில் பாதி படம் வால். மாப்பிள்ளையிடம் இன்னொரு தடவை கையைத் தூக்குங்கள் என்று கேட்கலாம், குதிரையிடம் கேட்க முடியாது. போகப் போகத்தான் ரைடர்களின் கண் எனக்குப் பிடிபட்டது. அவர்கள் படத்தில் முதலில் பார்ப்பது தங்கள் முகத்தை அல்ல. குதிரையின் முன்னங்கால் மடிந்திருக்கிறதா, காது முன்னால் நிற்கிறதா என்பதைத்தான். "குதிரை அழகா இருக்குண்ணே, என்னை மட்டும் வெட்டிட்டுக் குடுங்க" என்று சிரிக்காமல் கேட்ட பெண் உண்டு.

அந்தப் பெண்ணின் அம்மாதான் மிஸ்ஸி. ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் தாதி. எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மகள் லாயத்தில் வேலை பார்த்தபடியே மற்றவர்களின் குதிரைகளைப் போட்டியில் ஓட்டுவாள். மிஸ்ஸி ஒரு போட்டியையும் தவறவிட்டதில்லை. ஆனால் மகள் தாண்டுவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இரண்டும் உண்மை.

நான் வேலிக்கு உள்பக்கம், மூலையில் நீண்ட லென்ஸை வைத்துக்கொண்டு நிற்பேன். அங்கிருந்து எல்லாத் தடைகளும் தெரியும். அதே மூலையில் வேலிக்கு வெளியே, திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிஸ்ஸி நிற்பார். என் முதுகும் அவர் முதுகும் வேலிக்கு இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல இருக்கும். கையில் ஜெபமாலை. குதிரை ஒரு தடையைத் தாண்டும்போது என் கேமரா சடக்கென்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் ஒரு மணியை நகர்த்துவார். அடுத்த சத்தம், அடுத்த மணி. ஜெபமாலையில் ஒரு கண்ணிக்குப் பத்து மணி. அந்தப் பத்தோடு சுற்று முடிந்துவிட்டால் அவருக்கு நிம்மதி. தடைகள் அதைவிடக் கூடுதலாக இருந்துவிட்டால் போச்சு, தடை போட்டவர் மேல் கோபம் வந்துவிடும். "பத்தோட நிறுத்தினா என்ன லா அந்த மனுசனுக்கு? மாதாவுக்கே பத்து போதும்" என்பார்.

சுற்று முடிந்த பிறகு கூடாரத்துக்கு வந்து கயிற்றில் தொங்கும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். மகள் காற்றில் இருப்பதை அவர் பார்த்தது அப்படித்தான், காகிதத்தில், எல்லாம் முடிந்த பிறகு. ஏன் மிஸ்ஸி நேரில் பார்க்கக் கூடாது என்று ஒருநாள் கேட்டேன். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை என்னிடம் நீட்டியபடி அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எங்கிட்ட வர்றவங்க எல்லாம் கீழே விழுந்து வந்தவங்கதான் தம்பி. விழாதவங்க யாரும் எங்க கதவைத் தட்டினதில்லை. ஒருத்தர் உயரத்துல நின்னா எனக்கு அடுத்ததுதான் கண்ணுக்குத் தெரியுது. நீ உன் சத்தத்தை மட்டும் குடு, போதும்." நான் சிரித்தேன். அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு கனம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு போட்டியில் அது தெரிந்தது. மகள் ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரையில் வந்தாள். நல்ல குதிரை, ஆனால் காது ஓயாது. எங்கள் மூலைக்கு நேராக இருந்த தடைக்கு வந்ததும் அது முன்னங்காலை ஊன்றி நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. கழுத்துக்கு மேலாகப் போய்க் கட்டைகளுக்கு நடுவில் விழுந்தாள். நான் கேமராவை இறக்கிவிட்டேன், விழுகிறவர்களை நான் எடுப்பதில்லை. பின்னால் மிஸ்ஸி எதுவும் கேட்கவில்லை. சத்தம் நின்றதே அவருக்குப் போதுமாக இருந்தது. தலை குனிந்து மண்ணைப் பார்த்தபடியே வேலியைச் சுற்றி உள்ளே நடந்தார். மகள் பக்கத்தில் மண்டியிட்ட பிறகுதான் நிமிர்ந்தார். காறை எலும்பு முறிந்திருந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், விரல்களை அசைக்கச் சொன்னார். ஆம்புலன்ஸில் ஏறும்போது என்னிடம், "கீழே கிடந்தா எனக்குத் தெரிஞ்ச ஆளு தம்பி" என்றார்.

எலும்பு கூடியது. மகள் மறுபடியும் அதே குதிரையில் ஏறப் போவதாகச் சொன்னபோது என் கூடாரத்தில் வைத்துத்தான் பேச்சு நடந்தது. மிஸ்ஸி குரலை உயர்த்தவில்லை. "ஏறு. நான் தடுக்கல. ஆனா இன்னொரு தடவை விழுந்தா குதிரை ஓட்டுறதை அத்தோட விட்டுடணும். சரியா?" மகள் கயிற்றில் தொங்கிய குதிரைப் படம் ஒன்றின் கிளிப்பைச் சரிசெய்துவிட்டு, "சரிம்மா" என்றாள். அவளுக்கு வேறு எதுவுமே பிடித்ததில்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

போட்டி நாளன்று விடியும்போதே நல்ல மழை. விட்ட பிறகும் மணல் ஈரமாகக் கிடந்தது, குளம்புச் சத்தத்தை எல்லாம் அதுவே விழுங்கிக்கொண்டது. மிஸ்ஸி தன் காரை, எங்கள் ஊர்ப் பேச்சில் காடியை, நிறுத்தப் போயிருந்த நேரத்தில் மகள் குதிரையோடு வேலியோரம் வந்தாள். "அண்ணே, ஒரு உதவி. அன்னிக்கு இது நின்னுச்சே, உங்க கேமரா சத்தத்துக்குத்தான் காதைத் திருப்புச்சுன்னு நினைக்கிறேன். சத்தமில்லாம எடுக்க முடியுமா?" முடியும். புதிதாக வாங்கிய கேமரா என்னிடம் இருந்தது. அதற்குள் எழும்பி விழுந்து சடக்கென்று சத்தம் போடும் கண்ணாடி கிடையாது, ஒரு பொத்தானை மாற்றினால் மூச்சுகூட விடாது. அங்கேயே மாற்றிக் காட்டினேன். குதிரை காதை அசைக்கவில்லை. "தேங்க்ஸ்ண்ணே" என்று அவள் சிரித்தாள். எனக்கும் பெருமைதான். அன்றைக்கு என் மண்டையில் இருந்ததெல்லாம் அந்தக் குதிரையின் இரண்டு காதுகள். வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கப்போகிற இரண்டு காதுகளை நான் நினைக்கவே இல்லை.

மிஸ்ஸி வந்தார். "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். சுற்று தொடங்கும் மணி அடித்தது. குதிரை முதல் தடைக்கு வந்தது. காது முன்னால், கால் மடிந்து, சுத்தமான தாவல். எடுத்தேன். இரண்டாவதும் அப்படியே. இவ்வளவு நல்ல சுற்று வருகிறதே என்று நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தபோது பின்னால் தணிந்த குரல் ஒன்று, "தம்பி" என்றது. சுற்று நடக்கும்போது மிஸ்ஸி பேசியதே இல்லை. கண்ணை எடுத்தால் அடுத்த தடை போய்விடும், எடுக்கவில்லை. "தம்பி, ஏன் சத்தம் வரல?" மூன்றாவது தடை. எடுத்தேன். பதில் சொல்ல வாய் திறக்கவில்லை. குதிரை எங்கள் மூலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது, அன்றைக்கு நின்ற அதே இடம். அந்த நேரத்தில் நான் குரல் எழுப்பி அது மிரண்டால்? "தம்பி, எம்புள்ள எங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணி அடித்ததிலிருந்து அந்த அம்மாளுக்கு ஒரு சத்தமும் போய்ச் சேரவில்லை. சத்தம் இல்லையென்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். குதிரை நேராக வந்துகொண்டிருந்தது, அதன் மூச்சு கேட்கும் தூரம். நான் பேசினால் மகளுக்கு ஆபத்து, பேசாவிட்டால் பின்னால் நிற்கிறவருக்கு உயிர் போகிறது. வேலிக்கு மேலாக ஒரு கை வந்து என் தோளைப் பிடித்தது. ஆஸ்பத்திரியில் ஆட்களைத் தூக்கிப் பழகிய கை. விரல்கள் எலும்புவரை இறங்கின. அந்தப் பிடியை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு மிஸ்ஸி திடல் பக்கம் திரும்பினார்.

என் கேமரா மேலே எகிறியது. விரல் பொத்தானை அழுத்திவிட்டது. நான் எதையும் பார்க்கவில்லை. குதிரை தரையை விட்டதையும் பார்க்கவில்லை, அந்தப் பக்கம் இறங்கியதையும் பார்க்கவில்லை. தோளில் இருந்த கைதான் எனக்குச் சொன்னது. முதலில் இறுகியது. பிறகு அப்படியே இருந்தது. பிறகு ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது. குளம்புகள் எங்களைக் கடந்துபோய், அடுத்த தடையை நோக்கி ஓடின.

கையை அவர் எடுக்கவில்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை. மீதிச் சுற்று முழுவதையும் என் தோளைப் பிடித்தபடியே பார்த்தார். ஜெபமாலை வேலிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசித் தடையில் பின்னங்கால் பட்டு ஒரு கட்டை உருண்டது. பரிசு போய்விட்டது. மகள் போகவில்லை, சேணத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மிஸ்ஸி என்னைப் பார்க்காமலே, "இவ்வளவு நேரமா மேலேயே நிக்குது?" என்றார். எதைச் சொல்கிறார் என்று கேட்டேன். "தாண்டும்போது. நான் டக்குனு முடிஞ்சிரும்னு நினைச்சிருந்தேன்."

கூடாரத்தில் அன்றைய படங்கள் தொங்கின. என் கணக்கில் நான் எடுத்ததிலேயே சிறந்தவை. மகள் முழங்காலையும் காதையும் பார்த்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள். மிஸ்ஸி கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்விட்டு வந்தார். "நான் திரும்பினப்ப எடுத்தது எங்க?"

"அது கெட்டுப்போச்சு மிஸ்ஸி. அழிக்கணும்."

"அச்சுப் போடு."

"அதுல ஒன்னுமே இல்லை. மலைதான் இருக்கு."

"உனக்கு மலை. போடு தம்பி, வயசான காலத்துல நிக்க வைக்காதே."

இரண்டு அச்சடித்தேன். ஒன்றை அவர் ஈரம் காயக் காற்றில் ஆட்டிக்கொண்டே காடிக்குக் கொண்டுபோனார்.

இப்போது திடலில் வேலி முழுக்கக் கைபேசிகள். குதிரை இறங்குவதற்குள் படம் குடும்பத்துக் குழுவில் போய்விடுகிறது. என் கயிற்றில் பாதி கிளிப்புகள் சும்மா கிடக்கின்றன. எல்லாக் கேமராவும் ஊமையாகிவிட்டது. நான் மட்டும் சத்தத்தை நிறுத்துவதற்கு முன்னால் ஒருமுறை திரும்பி, என் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். மகள் இன்னும் ஓட்டுகிறாள். மிஸ்ஸி திடலைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார், ஜெபமாலையோடு. தடை கூடுதலாக இருந்தால் இன்னும் திட்டுகிறார். அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஐஸ்பெட்டிக் கதவில், காந்தம் வைத்து, அந்தச் சாய்ந்த மலை.

என் கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடிக்கு மேல் விரலை வைத்து இது என்ன படம் என்று கேட்பார்கள். குதிரை தடை தாண்டுகிறது என்பேன். குனிந்து தேடிவிட்டு, குதிரையைக் காணோமே என்பார்கள்.

மிஸ்ஸி பார்த்தார் என்பேன்.