மூன்றாம் பாதைக்கு நான் எழுதிய வரி

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரே பக்கம், சைக்ளோஸ்டைல் மை, நான்காக மடித்த தழும்பு. பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் வயல்களையும் ஜாதிக்காய்த் தோட்டங்களையும் வழிகாட்டி இல்லாமல் தாமாகவே சுற்றிவர அதில் மூன்று பாதைகள் உண்டு. முதலாவது சைக்கிளுக்கு. இரண்டாவது நன்றாக நடப்பவர்களுக்கு. மூன்றாவதற்குக் கீழே ‘எல்லோராலும் முடியும்’ என்று இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. அந்த வரி பொய்.

தாளைப் போட்டவர் எங்கள் பெரிய கிராணி, அலுவலகத்தின் தலைமைக் குமாஸ்தா. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுனில் ஒரு கப்பல் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். அக்கரையில் பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரியில் வருவேன். அவர் பினாங்கிலேயே பிறந்தவர், ஆனால் வீட்டுப் பேச்சு யாழ்ப்பாணம். அது கடைசிவரை மாறவில்லை. ஞாயிறுதோறும் சைக்கிளில் மலைச்சாலை ஏறி பாலிக் புலாவ் போய்விடுவார். நம் ஆட்கள் கோயிலையும் பாசாரையும் தவிர இந்தத் தீவில் எதையும் பார்த்ததில்லை என்பது அவருடைய தீராத குறை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஓர் அடையாளம் எழுதி வைத்திருந்தார்: இரட்டைத் தென்னை, நீலக் கதவு வீடு, துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி. அலுவலகத்தில் தமிழ் டைப்ரைட்டர் இல்லை. அதனால் ஸ்டென்சிலில் ஊசிப் பேனாவால் எழுதுவது என் தலையில் விழுந்தது.

மூன்றாம் பாதையை என்னையே நடந்து பார்க்கச் சொன்னார். எனக்கு இடது காலில் போலியோ. தொடைவரை இரும்பு போட்டிருப்பேன். “நல்ல காலோட நான் நடந்து பார்த்து என்ன பிரயோசனம், பிள்ளை? நீர் நடந்து ஏலும் எண்டால்தான் எழுதலாம்” என்றார். அதுவரை அங்கே யாரும் என் காலைப் பற்றி என் முகத்துக்கு நேராகப் பேசியதில்லை. கடிதக்கட்டு கொண்டுபோகிறவன் அதைக் கேட்டுவிட்டு, “அக்கா நடந்து முடிக்கிறதுக்குள்ள டுரியான் சீசனே முடிஞ்சிரும்லா” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் வாயை அடைக்கத்தான் போனேன். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

பாதி தூரம் நன்றாகத்தான் இருந்தது. வாசல்களில் பாய் விரித்து ஜாதிக்காய் காயப்போட்டிருந்தார்கள். வயலோரம் மண்பாதை அகலமாக இருந்தது. அதன் பிறகு வாய்க்கால். குறுக்கே இரண்டு பலகை, பச்சைப் பாசி, கைப்பிடி கிடையாது. அவர் முன்னால் கடந்துபோய் ஒரு தோட்டக்காரரோடு மலாயில் பேசிக்கொண்டிருந்தார். அவர் முதுகு என் பக்கம் இருந்தது. நான் பலகையில் உட்கார்ந்தேன். இரும்புக் காலைக் கையால் தூக்கித் தூக்கி முன்னால் வைத்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து கடந்தேன். அவர் திரும்பியபோது எழுந்து நின்றிருந்தேன்.

“எப்பிடிப் பிள்ளை, ஏலுமோ?”

“இதெல்லாம் ஒரு பாலமா சார்? கண்ண மூடிக்கிட்டு போலாம்.”

“பாவாடையில சேறு.”

“அங்க கொஞ்ச நேரம் உக்காந்தேன்.”

அவர் பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டார். திங்கட்கிழமை நான் அந்த வரியை எழுதினேன். அச்சான முதல் தாளைக் கடிதக்கட்டுக்காரன் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

பெரிய கிராணியின் மனைவிக்கு அந்த வருடம் பக்கவாதம் வந்து, அப்போதுதான் கோலூன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். வெட்கப்பட்டு வாசலைத் தாண்டுவதில்லை. மூன்றாம் பாதையே அவருக்காகத்தான் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நிச்சயமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தாளைக் காட்டி மனைவியைச் சம்மதிக்க வைத்து அழைத்துப் போயிருக்கிறார். பலகை வழுக்கி அந்த அம்மா வாய்க்காலில் விழுந்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் நடக்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீர் கெட்டிக்காரி, பிள்ளை. இரும்புக் காலோட நடந்திட்டீர். எனக்குத்தான் ஏலாமப் போச்சு” என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கட்டில் கம்பியில் பெயின்ட் உரிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஃபெரி பிடித்து வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் புது ஸ்டென்சிலோடு என் மேசைக்கு வந்தார். அவர் நின்றபடியே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். “வாய்க்காலில் கைப்பிடி இல்லாத பலகை உண்டு. கால் தளர்ந்தவர்கள் உட்கார்ந்து, நகர்ந்துதான் கடக்க முடியும்.” என் பேனா நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “எழுதும், பிள்ளை” என்றார். அடுத்த வரியையும் சொன்னார்: “இங்கேயே திரும்பிவிடலாம். அதில் வெட்கம் இல்லை.” எழுதினேன். அந்தத் திருத்திய தாளில் ஒன்றைக்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை.

அவருக்கு எப்போது தெரிந்தது? சேற்றைப் பார்த்த அன்றைக்கேயா? அப்படியென்றால் அந்த வரியை ஏன் எழுத விட்டார்? என் மானத்தைக் காப்பாற்றவா? அதை யார் கேட்டது? மனைவி விழுந்த பிறகுதான் புரிந்தது என்றால், என்னை ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை? அவர் ஓய்வு பெறும்வரை ஆறு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். தினமும் “குட் மார்னிங் சார்” சொன்னேன். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அவர் செத்த செய்தி வந்தபோதும் அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன். என்மேலும்தான். இப்போது அந்தக் கோபமும் மரத்துவிட்டது.

போன மாதம் தங்கை மகள் காரில் அந்தப் பக்கம் அழைத்துப் போனாள். பாதை முனையில் பெரிய போர்டு, வாடகைச் சைக்கிள்கள், சக்கர நாற்காலிப் படம். வாய்க்கால் மேல் சிமெண்டுப் பாலம், இருபக்கமும் கைப்பிடி. பழைய தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன், எதற்கென்று தெரியவில்லை.

“பெரியம்மா, நல்லாத்தான் கட்டியிருக்காங்க, கைப்பிடிகூட இருக்குலா. மெதுவா நடக்கலாம். முடியுமா?” என்று கேட்டாள்.

கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “முடியாது” என்றேன்.